கதையும் கதைப்பின்னலும்

ஞாயிறன்று பார்த்த திரைப்படத்தைத் திங்கட்கிழமை நண்பகல் உணவு வேளையில் தோழியருக்குச் சொல்லும் மாணவியர் இரு வகையினர். ஒருத்தி "அப்புறம்... அப்புறம்..." என்று நிகழ்ச்சிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டே போவாள், மணி அடிப்பதற்குள் கதை இடைவேளையைக்கூடத் தொட்டிராது. மற்றொருத்தி, "அண்ணன் ஏன் வீட்டை விட்டுப் போனான் தெரியுமா?" என்று தொடங்குவாள், எடுத்த கவளம் கையிலேயே நிற்க, சுற்றி இருப்பவர்கள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். முதலாமவள் சொல்வது கதை. இரண்டாமவள் சொல்வது கதைப்பின்னல்.

பின்னல் என்னும் சொல்லை மாணவியருக்கு விளக்கவேண்டியதில்லை. குளித்துவிட்டு ஈரம் உலர விரித்துப் போட்ட கூந்தலிலும், ரிப்பன் வைத்து மடித்துக் கட்டிய இரட்டைச் சடையிலும் இருப்பது அதே முடிதான். மூன்று கால்களாகப் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்றை மாற்றி மாற்றிப் போடும்போது அது பின்னலாகிறது. நிகழ்ச்சிகளும் அவ்வாறே. காலத்தில் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ந்தவற்றை, ஒன்றினால் மற்றொன்று நிகழ்ந்தது என்று காரண காரியத் தொடர்பு காட்டி இணைப்பதே கதைப்பின்னல். இதில் நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிற செய்தி ஒன்றுண்டு. சடை தானாகப் பின்னிக்கொள்வதில்லை; பின்னுகிற கை ஒன்று இருக்கிறது. இலக்கியத்திலும் திரைப்படத்திலும் சின்னத்திரையிலும் அந்தக் கை எவ்வாறு இயங்குகிறது என்பதைச் சில சான்றுகளைக் கொண்டு இக்கட்டுரையில் நோக்குவோம்.

காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. முதலாம் ராஜராஜ சோழனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அவனுடைய தமையன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரின் பெயர்கள் அதில் வருகின்றன. அவர்களுடைய சுற்றத்தாரின் உடைமைகள் பறிமுதல் செய்யப்பட்டதும் கூறப்படுகிறது. ஏன் கொன்றார்கள் என்று கல்வெட்டு சொல்லவில்லை. அரசன் கொல்லப்பட்டான், குற்றவாளிகள் இன்னார், நிலம் இன்னின்னது. கல்வெட்டுக்கு அவ்வளவு போதும். கதைக்குப் போதாது.

கல்கி இந்த இடத்தில்தான் தம் பின்னலைத் தொடங்கினார். நந்தினி என்னும் பெண்ணை வரலாறு அறியாது. அவள் முழுக்க முழுக்கக் கல்கியின் படைப்பு. கரிகாலன் இளமையில் அவளை விரும்பினான்; பின்னர் அவள் கெஞ்சியும் கேளாமல், அவள் கண்ணெதிரே வீரபாண்டியனின் தலையைக் கொய்தான்; அவள் பழிவாங்கச் சூள் உரைத்துப் பெரிய பழுவேட்டரையரின் மனைவியாகிச் சோழ நாட்டுக்குள் நுழைந்தாள் என்று அவர் பின்னியவுடன், கல்வெட்டில் இருந்த அரசியல் கொலை ஒரு மனிதனின் குற்றவுணர்ச்சியில் முடிகிற துயரமாக மாறிவிடுகிறது. கடம்பூர் மாளிகைக்குப் போனால் ஆபத்து என்று தெரிந்தும் கரிகாலன் ஏன் போகிறான்? அவன் மனத்துக்குள் அவனே தனக்குத் தண்டனை விதித்துவிட்டான் என்பதை நாம் முன்பே உணர்ந்திருப்பதால், அவன் போவது நமக்கு இயல்பாகவே படுகிறது. கத்தி எந்தக் கையிலிருந்து வந்தது என்பதை மட்டும் வாசகர்கள் இன்றுவரை வாதாடும்படி கல்கி விட்டுவைத்தார்.

'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை, ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள், 'கல்கி' வார இதழில் தொடராக வெளிவந்தது என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். ஒரு வாரம் காத்திருக்கும் வாசகரை மறு வாரமும் கடைக்கு வரவழைக்க வேண்டும். ஆகவேதான் அத்தியாயம் முடியும் இடத்தில் ஒரு கதவு தட்டப்படுகிறது, மரத்தின் பின்னாலிருந்து ஓர் உருவம் எட்டிப் பார்க்கிறது, படகு கவிழ்கிறது. நம் பாட்டிமார்களில் சிலர் அந்த இதழ்களிலிருந்து பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துத் தைத்து வைத்திருந்ததை வீடுகளில் பார்த்திருப்பீர்கள். மொத்தமாகப் படிக்கும் நமக்குச் சில திருப்பங்கள் மிகையாகத் தோன்றினால், அவை ஏழு நாள் இடைவெளியைத் தாண்டுவதற்காகக் கட்டப்பட்ட பாலங்கள் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

இந்த நாவலை மணிரத்னம் 2022-லும் 2023-லும் இரு பாகங்களாகத் திரைக்குக் கொண்டுவந்தார். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம். ஐந்து பாகம் கொண்ட நாவல் அதற்குள் அடங்காது. எதையேனும் வெட்டத்தான் வேண்டும். மணிமேகலை என்னும் பாத்திரம் படத்தில் இல்லை. அதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று இருக்கிறது. நாவலில், பூமாலை தொடுத்து இறைப்பணி செய்துவந்த சேந்தன் அமுதனே செம்பியன் மாதேவியின் உண்மையான மகன் என்று இறுதியில் தெரியவருகிறது. அருள்மொழிவர்மன் தனக்கு வந்த மகுடத்தை அவனுக்கு அளிக்கிறான். திரைப்படத்தில் இந்த ஆள்மாறாட்டம் முழுவதும் நீக்கப்பட்டுவிட்டது. அரியணைக்கு ஆசைப்பட்டுச் சதியில் உடன்பட்டிருந்த அதே மதுராந்தகனுக்கே அருள்மொழி மகுடத்தைச் சூட்டுகிறான்.

படத்தைப் பார்த்துவிட்டுப் பல பெரியவர்கள், "கல்கியைக் கெடுத்துவிட்டார்கள்" என்றார்கள். நாம் அவ்வளவு விரைவாகத் தீர்ப்புச் சொல்லவேண்டாம். ஆசையற்ற ஒருவனுக்குக் கொடுப்பது அழகான தியாகம். படிப்பவர் மனம் நிறைகிறது. ஆசைப்பட்டு எதிர்த்து நின்றவனுக்கே கொடுப்பது வேறு வகைத் தியாகம். அதில் மன்னிப்பும் இருக்கிறது, நாட்டில் போர் மூளாமல் காக்கும் அரசியல் கணக்கும் இருக்கிறது. வரலாற்றில் உத்தம சோழன் ஆண்டான், அவனுக்குப் பின் 985-ல் ராஜராஜன் அரியணை ஏறினான் என்பது மட்டுமே உறுதி. அந்த ஒரே உண்மையின்மேல் இரண்டு பின்னல்கள், இரண்டு அருள்மொழிகள்! எனினும், நம்மைக் கேட்டால், மணிமேகலையை இழந்தது படத்துக்கு நட்டமே. சூழ்ச்சியும் அரசியலும் நிறைந்த அந்தக் கதையில் கணக்குப் பார்க்காமல் அன்பு செய்தவள் அவள் ஒருத்திதான்.

கதைப்பின்னலைப் பற்றி முதன்முதலாக முறைப்பட எழுதியவர்களுள் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் முதன்மையானவர். கி.மு. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த தம் 'கவிதையியல்' நூலில் துன்பியல் நாடகத்துக்கு ஆறு உறுப்புகளைக் கூறி, அவற்றுள் கதைப்பின்னலுக்கே முதலிடம் தந்தார். நிலைமை தலைகீழாக மாறுவதும், அறியாதிருந்த உண்மையை ஒருவர் அறிந்துகொள்வதும் ஒரே கணத்தில் நிகழுமானால் அதுவே சிறந்த பின்னல் என்பது அவர் கருத்து. அவர் எடுத்துக்காட்டியது சோபோகிளிஸின் ஈடிபஸ் நாடகம். அவர் தமிழ் அறிந்திருந்து, சில நூற்றாண்டுகள் பின்னால் பிறந்தும் இருந்தால் சிலப்பதிகாரத்தையும் காட்டியிருப்பார்!

பாண்டியன் அவையில் நிகழ்வதை நினைத்துப் பாருங்கள். எங்கள் அரசியின் சிலம்பில் இருப்பவை முத்துப்பரல்கள் என்று மன்னன் தன் வாயாலேயே சொல்கிறான். கண்ணகி தன் சிலம்பை உடைக்கிறாள், மாணிக்கப்பரல் தெறிக்கிறது. கோவலன் கள்வன் அல்லன் என்னும் அறிவும், நீதி வழங்கிய மன்னன் குற்றவாளியாகும் வீழ்ச்சியும் அந்த ஒரே ஓசையில் நிகழ்ந்துவிடுகின்றன. இதற்கு முன்னே இளங்கோவடிகள் எவ்வளவு நுட்பமாகக் கால்களை மாற்றிப் போட்டிருக்கிறார் என்பதையும் காணவேண்டும். அரசி ஊடல் கொண்டு, தலைவலி என்று சொல்லி அவையை விட்டு எழுந்து சென்றிருக்கிறாள். அவளைத் தணிவிக்க மன்னன் விரைந்து போகும் வழியில்தான் பொற்கொல்லன் குறுக்கே வந்து பொய் சொல்கிறான். அவையில் அமர்ந்து ஆற அமரக் கேட்டிருந்தால் மன்னன் விசாரித்திருப்பான். நடந்துகொண்டே கேட்டான், நடந்துகொண்டே ஆணையிட்டான். வினைப்பயன் என்று காப்பியம் ஒரு பக்கம் சொன்னாலும், மறு பக்கத்தில் ஒரு பொய், ஓர் அவசரம், விசாரிக்காமல் விட்ட ஒரு கேள்வி என்று மனிதர் கைப்பட்ட முடிச்சுகளையும் அது ஒவ்வொன்றாகக் காட்டிவிடுகிறது. தேர்வுக்குப் படிக்கும்போது வினைப்பயனை மட்டும் எழுதிவிட்டு வராமல் இதையும் எழுதுங்கள்.

எதை எதனோடு பின்னுவது என்பது ஒரு கேள்வி. எதை முதலில் சொல்வது என்பது மற்றொரு கேள்வி. இரண்டாவதற்குத் தமிழ்த் திரையில் நல்ல சான்று 1954-ல் ஏ.வி.எம். நிறுவனம் தயாரித்த 'அந்த நாள்'. இயக்கியவர், வீணை வித்துவானாகவும் புகழ்பெற்ற எஸ். பாலசந்தர். பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டைக்காட்சி இல்லை என்பதே அக்காலத்தில் பெரும் புதுமை. அதைவிடத் துணிச்சலான காரியம், கதாநாயகனாகிய சிவாஜி கணேசன் படம் தொடங்கியதுமே சுடப்பட்டு இறந்துவிடுவது. 1943 அக்டோபரில் சென்னையின்மீது ஜப்பானியர் குண்டு வீசியதை ஒட்டி அமைந்த கதை அது. வானொலிப் பொறியாளர் ராஜனைக் கொன்றது யார் என்று துப்பறியும் அதிகாரி விசாரிக்கிறார். அண்டை வீட்டார், தம்பி, தம்பி மனைவி, மனைவி என்று ஒவ்வொருவரும் தாம் கண்டதையும் ஐயுறுவதையும் சொல்கிறார்கள்.

நாள்வரிசைப்படி இந்தக் கதையைச் சொல்லியிருந்தால் ஒருவனின் வாழ்வையும் அவனது முடிவையும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம். முடிவை முதலில் வைத்ததால், பார்ப்பவர் ஒவ்வொருவரும் நீதிபதியின் நாற்காலியில் அமரவேண்டியிருக்கிறது. ஒருவர் சொல்லும்போது ராஜன் நல்லவனாகத் தெரிகிறான். அடுத்தவர் சொல்லும்போது ஐயம் தட்டுகிறது. தம்பி சொன்னபோது நாம் நினைத்ததைத் தம்பி மனைவி சொன்னபோது திருத்திக்கொள்கிறோம். பிறகு அதையும் திருத்திக்கொள்கிறோம். ஒருவரைப் பற்றி ஒரு வாயால் மட்டும் கேட்டு முடிவுக்கு வந்துவிடும் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்தப் படத்தைக் கட்டாயம் காட்டவேண்டும். ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் 'ராஷோமோன்' (1950) இதற்குத் தூண்டுதல் என்பர். ஆனால் வேறுபாடு உண்டு. 'ராஷோமோன்' படத்தில் காட்டில் நடந்த கொலையைப் பற்றிப் பலர் பல விதமாகச் சொல்லி, உறுதியான உண்மை இதுதான் என்று சொல்ல முடியாமல் முடிகிறது. 'அந்த நாள்' உண்மையைக் கண்டுபிடித்துக் கையில் கொடுத்துவிடுகிறது. கொலையாளி யார் என்று இங்கே எழுதினால் இன்னும் பார்க்காத மாணவியர் நம்மை மன்னிக்கமாட்டார்கள்.

இனி, மேல் வகுப்பு மாணவியரும் பெற்றோரும் கூடுதல் கவனத்துடன் படிக்கவேண்டிய ஒரு சான்றுக்கு வருவோம். ஒரே ஒரு முடிச்சை மாற்றிப் போட்டால் கதை முழுவதும் மாறிவிடும் என்பதைத் தமிழில் இவ்வளவு தெளிவாகக் காட்டும் சான்று வேறு இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

ஜெயகாந்தன் 1966-ல் 'ஆனந்த விகடன்' இதழில் 'அக்கினிப் பிரவேசம்' என்னும் சிறுகதையை எழுதினார். மழைநாள். கல்லூரி மாணவி ஒருத்தி பேருந்துக்காகக் காத்து நிற்கிறாள். காரில் வந்த அந்நியன் ஒருவன் ஏற்றிக்கொள்கிறான். உலகம் அறியாத அந்தப் பெண் அவனால் கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். நடந்ததை அழுதுகொண்டே தாயிடம் சொல்லிவிடுகிறாள். விதவையான அந்த ஏழைத் தாய் முதலில் நிலைகுலைந்து போகிறாள். அடிக்கிறாள். பிறகு, அக்கம்பக்கத்தார் காதில் எதுவும் விழாமல், மகளை உட்காரவைத்துத் தலையோடு தண்ணீர் ஊற்றுகிறாள். உன்மேல் எந்த மாசும் இல்லை என்று சொல்லி அவளைத் தேற்றிவிடுகிறாள். கதை அவ்வளவே. இதை ஏற்க முடியாது என்று ஒரு சாராரும், இதுவே தாய்மை என்று ஒரு சாராரும் அன்று தமிழ்நாட்டில் நடத்திய விவாதம் பெரிது.

விவாதத்துக்கு ஜெயகாந்தன் கட்டுரை எழுதி மறுமொழி சொன்னதோடு நிறுத்தவில்லை. ஒரு நாவலே எழுதினார். 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்ற அந்த நாவலுக்கு 1972-ல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அதிலும் அதே மழை, அதே கார், அதே பெண். ஆனால் தாய் கூச்சலிட்டு விடுகிறாள். அண்ணன் கேட்டுவிடுகிறான், தெரு கேட்டுவிடுகிறது. பெண் வீட்டை விட்டுத் துரத்தப்படுகிறாள். படித்து, நல்ல வேலையில் அமர்ந்து, சம்பாதித்தும், கங்கா என்னும் அந்தப் பெண்ணின் வாழ்வு மீளவே இல்லை. நாவலுக்குள்ளேயே ஓர் எழுத்தாளர் வருகிறார். 'அக்கினிப் பிரவேசம்' என்ற கதை வருகிறது. கங்கா அந்தக் கதையைப் படிக்கிறாள். கதையில் வரும் தாய் செய்ததைத் தன் தாய் செய்யவில்லையே என்று அவள் உணரும் இடத்தில், படிக்கிற நம் கையும் சற்று நடுங்கத்தான் செய்கிறது.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். மழை பெய்தது ஒன்றுதான். கார் வந்தது ஒன்றுதான். அந்த ஆண் செய்த கொடுமையும் ஒன்றுதான். அந்தக் கொடுமையினால்தான் பெண்ணின் வாழ்வு அழிந்தது என்று பழைய கதைகளும் படங்களும் பின்னிவந்தன. அத்தகைய படங்களில் இறுதிக் காட்சிக்கு முன் அந்தப் பெண் கிணற்றிலோ கடலிலோ விழுந்துவிடுவாள், அல்லது யாரையோ காப்பாற்றத் துப்பாக்கிக் குண்டை மார்பில் வாங்கிக்கொள்வாள். பார்ப்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம், வேறு என்ன வழி?" என்று எழுந்து போவார்கள். ஜெயகாந்தன் காட்டியது வேறு. வாழ்வைத் தீர்மானித்த முடிச்சு காரில் விழவில்லை. வீட்டு முற்றத்தில் விழுந்தது. ஒரு குடம் தண்ணீரா, ஒரு கூச்சலா என்பதில் விழுந்தது. அதாவது, வேறு வழி இருந்தது. அதை அடைத்தவர்கள் இருந்தார்கள்.

இந்த மலரைப் படிக்கும் தாய்மார்களும் விடுதிப் பொறுப்பிலுள்ள அருட்சகோதரியரும் எந்தக் கதையை விரும்புவார்கள் என்று நாம் கேட்கப்போவதில்லை. ஆனால் ஒரு பெண்பிள்ளை அழுதுகொண்டு வந்து நின்றால், அந்தக் கணத்தில் அவளுடைய கதைப்பின்னல் யார் கையில் இருக்கிறது என்பதை இந்த இரண்டு நூல்களும் மிகத் தெளிவாகச் சொல்கின்றன.

நாவல் 1977-ல் ஏ. பீம்சிங் இயக்கத்தில் திரைப்படமாக வந்தது. திரைக்கதையையும் ஜெயகாந்தனே எழுதினார். கங்காவாக நடித்த லட்சுமிக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. நாவல் பக்கம் பக்கமாகச் சொல்லும் மனவோட்டத்தைப் படத்தில் ஒரு முகம் சொல்லவேண்டியிருக்கிறது. லட்சுமியின் முகம் சொல்கிறது. அவ்வளவோடு திரைப்படத்தை விட்டு, வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்ட சின்னத்திரைக்குப் போவோம்.

நாவலுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. திரைப்படத்துக்குக் கடைசிச் சுருள் இருந்தது. தொலைக்காட்சித் தொடருக்கு முடிவு என்பது வேண்டாத விருந்தாளி. முடிந்தால் விளம்பரமும் முடிந்தது. ஆகவே முடியாமல் பார்த்துக்கொள்வதே அங்கே கதைப்பின்னலின் வேலையாகிவிட்டது. தொடக்கத்தில் இப்படி இல்லை. தூர்தர்ஷன் 1984 ஜூலையில் தொடங்கிய 'ஹம் லோக்' என்ற இந்தித் தொடர் மக்களுக்கு நல்ல கருத்துகளைச் சொல்லவேண்டும் என்னும் நோக்கத்துடன் திட்டமிடப்பட்டது. குடும்பக் கட்டுப்பாடு, பெண்களின் நிலை ஆகியவை அதன் கருப்பொருள்கள். முதல் சில பகுதிகளில் அறிவுரை தூக்கலாக இருந்ததால் பார்ப்போர் முகம் சுளித்தனர். அறிவுரையைக் குறைத்து, குடும்பக் கதையைக் கூட்டிய பிறகே தொடர் சூடு பிடித்தது. 1985 இறுதிவரை 156 பகுதிகள் ஒளிபரப்பாயின.

அத்தொடரில் பாகவந்தி என்று ஒரு தாய். கணவன் குடிகாரன், மாமியார் ஏசுவாள், அவளோ வாய் திறக்கமாட்டாள். ஒரு பெண் எப்படி இருக்கக்கூடாது என்று காட்டுவதற்காகவே அந்தப் பாத்திரம் அமைக்கப்பட்டது. பார்த்தவர்களில் பலர், பெண்கள் உட்பட, அவளையே முன்மாதிரியான இந்தியப் பெண் என்று போற்றிவிட்டார்கள்! ஆராய்ச்சியாளர்கள் பின்னர் இதை எடுத்து எழுதினார்கள். எழுதியவர் நோக்கம் ஒன்று, பார்த்தவர் எடுத்துக்கொண்டது மற்றொன்று. ஏன் அப்படி ஆயிற்று? பார்வையாளர் அறிவிலிகள் என்று சொல்லிவிட்டால் எளிது. நமக்குத் தோன்றுவது வேறு. ஒருத்தி துன்பப்படுவதை வாரா வாரம் அருகிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தால் அவள்மேல் அன்பு பிறக்கிறது. அன்பு பிறந்தவள் செய்வதெல்லாம் சரி என்று மனம் எண்ணத் தொடங்குகிறது. தொடர் என்னும் வடிவத்தின் வலிமையும் ஆபத்தும் இதுதான்.

தனியார் அலைவரிசைகள் வந்த பிறகு, வாரம் ஒரு முறை வந்த தொடர் நாள்தோறும் வரலாயிற்று. சன் தொலைக்காட்சியில் 1999-ல் தொடங்கிய 'சித்தி', ஐந்து பெண்களைப் பெற்ற தந்தையின் கதையாக 2002 முதல் 2005 வரை வந்த 'மெட்டி ஒலி', 2003 முதல் 2009 வரை ஆயிரத்து ஐந்நூறு பகுதிகளுக்கு மேல் ஓடிய 'கோலங்கள்' ஆகியவை வீடுகளில் இரவுச் சாப்பாட்டு நேரத்தையே மாற்றிவிட்டன. இவற்றை மொத்தமாக இகழ்வது நியாயமாகாது. 'மெட்டி ஒலி'யில் பெண்ணைக் கட்டிக்கொடுத்த தகப்பன் சம்பந்தி வீட்டு வாசலில் நிற்கும் நிலையைப் பார்த்து, தங்கள் வீட்டையே பார்த்ததாக எண்ணிய குடும்பங்கள் பல. 'கோலங்கள்' அபி அழுதுகொண்டு மட்டும் இருக்கவில்லை; கட்டடத் தொழிலில் இறங்கி எதிரியோடு நேருக்கு நேர் நின்றாள்.

ஆயினும் இவற்றின் பின்னலை ஆய்ந்து பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். ஐந்து நாளும் அரை மணி நேரம், ஆண்டுக்கணக்கில் கதை ஓடவேண்டும். அதற்கு மலிவான, தீராத மூலப்பொருள் ஒன்று வேண்டும். அது பொறுமை. பெண்ணின் பொறுமை. மருமகள்மேல் திருட்டுப் பழி விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். உண்மையை அறிந்த நாத்தனார் வாய் திறந்தால் கதை அன்றே முடிந்துவிடும். ஆகவே அவள் வாய் திறக்கும்போதெல்லாம் தொலைபேசி மணி அடிக்கும், மாமனாருக்கு நெஞ்சு வலிக்கும், விளக்கு அணையும். பழி சுமந்தவளாவது எதிர்த்துக் கேட்கலாமே என்றால், கேட்டால் மூன்று நாளில் தீர்ந்துவிடும். தாங்கிக்கொண்டால் மூன்று மாதம் ஓட்டலாம். தாங்கிக்கொள்பவளைக் கதாநாயகி ஆக்கி, எதிர்த்துப் பேசுபவளுக்குப் பெரிய பொட்டும் கோணல் புருவமும் கொடுத்து வில்லி ஆக்கிவிடுவது இந்தக் கணக்கினால்தான். பொறுத்துப் போவதே பெண்மை என்று எந்த எழுத்தாளரும் கொள்கை வகுத்து எழுதியிருக்கவேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை இரவில் கதை முடியாமல் திங்கட்கிழமைக்குத் தொங்கவேண்டும் என்னும் தேவையே அந்தக் கொள்கையை வகுத்துவிடுகிறது. கல்கியின் வார இதழுக்கும் இதே தேவை இருந்தது உண்மையே. ஆனால் அவர் தம் பாலங்களை ஒரு கரையை நோக்கிக் கட்டினார். ஐந்தாம் பாகத்தில் கரை வந்தது.

இப்போது பல தொடர்கள் கைப்பேசியிலேயே வருகின்றன. எட்டு பகுதி, பத்து பகுதி என்று முடிந்தும் விடுகின்றன. இணையத் தொடர் என்னும் இவ்வகையில் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்பதால், இரவு இரண்டு மணிவரை விழித்திருக்கச் செய்வதே அவற்றின் பின்னலுக்கு இலக்கு. தேர்வுக் காலத்தில் இதன் விளைவை நம் ஆசிரியைகள் முதல் வகுப்பிலேயே கண்டுகொள்கிறார்கள்.

ஒன்பதாம் வகுப்புக்கு மேற்பட்ட மாணவியருக்கு ஒரு பயிற்சி. விடுமுறையில் வீட்டில் எந்தத் தொடர் ஓடினாலும் சரி, ஒரு வாரம் குறிப்பேட்டை மடியில் வைத்துக்கொண்டு பாருங்கள். பாட்டியம்மாள் கடிந்துகொண்டால், தமிழம்மா கொடுத்த வீட்டுப்பாடம் என்று சொல்லுங்கள். ஒவ்வொரு நாளும், யார் ஒரு வாக்கியம் பேசியிருந்தால் சிக்கல் தீர்ந்திருக்கும் என்று கண்டுபிடித்து அவர் பெயரை எழுதுங்கள். அவரைப் பேசவிடாமல் தடுத்தது எது என்று பக்கத்தில் குறியுங்கள்: அச்சமா, மரியாதையா, தொலைபேசி மணியா? வெள்ளிக்கிழமைப் பகுதி முடிந்ததும், விடுபட்ட அந்த ஒரு வாக்கியத்தை அவர் வாயில் வைத்து, அதன்பின் வரும் காட்சியை நீங்களே எழுதுங்கள். நான்கு பக்கத்துக்கு மிகவேண்டாம். பள்ளி திறந்ததும் வகுப்பில் படித்துக் காட்டலாம். கடைசி வரியில் 'தொடரும்' என்று மட்டும் போடக்கூடாது.